முட்டைச் சுண்ணாம்பு அடித்த ஊர்

செம்பாறைவலசில் வீடுகளுக்குச் சூடு ஏறிய கதையை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்; அதில் பாதி பொறாமையில் சொல்வது, மீதி அந்தச் சமயத்தில் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் சொல்வது. நடந்தது இதுதான்: அந்த வருஷம் பொங்கலுக்கு ஊர் மொத்தமும் முட்டையோட்டில் நீற்றிய சுண்ணாம்பை அடித்தது, மாசி பிறந்ததும் சுவர்கள் சுட ஆரம்பித்தன, பங்குனியில் சுவருக்குள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்டது. இதில் நம்பாமல் இருப்பதற்கு ஒன்றுமில்லை. முட்டை ஓடு எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கும்?

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையை விட்டு உள்ளடங்கிக் கிடக்கும் அந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள், நடுவே குஞ்சு பொரிக்கும் கம்பெனி ஒன்று. முட்டையும் குஞ்சும் லாரி ஏறித் தேசமெல்லாம் போய்விடும். எச்சமும் இறகும் உடைந்த ஓடும், பொரிக்காமல் போன கூமுட்டையும், முட்டை போடாது என்பதால் பிறந்த அன்றைக்கே ஒதுக்கிவிட்ட சேவல் குஞ்சுகளும் போக்கிடம் இல்லாமல் ஊருக்கு மேற்கே இருந்த பழைய பாறைக்குழிக்கு வந்து சேரும். குழி நிறைந்து, நிறைந்தது நாறி, நாறியதில் ஈ பிறந்து, பிறந்த ஈ ஊருக்குள் குடிவந்து, கடைசியில் இலையில் சோறு போட்டால் முதல் கவளம் யாருக்கு என்பதில் மனுஷருக்கும் ஈக்கும் போட்டி என்றாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் அந்த ஊரின் பேரையே மறந்துவிட்டு ஈவலசு என்றுதான் சொன்னார்கள்.

பூவாயி அந்த ஊருக்கு வாழ வந்தவள். புருஷன் லாரியில் போய்த் திரும்பாமல் போனபின், ஒற்றை மகள் மேகலாவை வளர்க்கக் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முட்டைகள் கடைசி நாட்களில் இருக்கும் சூட்டறையில் பல வருஷம் நின்றவள். வாயாடி இல்லை, ஆனால் வைராக்கியக்காரி. மேகலாவைத் திருச்செங்கோட்டுப் பக்கம் நந்தகோபாலுக்குக் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை வடநாட்டில் ரிக் வண்டி ஓட்டி ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவன், பாறையோடு மல்லுக்கட்டியே பழகியவன். அவனுடைய அம்மா தனபாக்கியம் நிச்சயத்துக்கு வந்த அன்று முந்தானையால் மூக்கைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்து, காப்பித் தம்ளரில் மிதந்த ஈயைப் பார்த்து அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பொண்ணு தங்கமாட்ட இருக்குதுங்க, அதுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லை. ஆனா இப்பவே சொல்லிப்போடறேன். நாளைக்குத் தலைப்பிரசவம்னு வந்தாக்கூட எங்கூட்டுப் புள்ளைய இந்த ஈக்காட்டுக்கு அனுப்ப மாட்டேன். பச்சைக் கொழந்தை வாயில ஈ மொய்க்கறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க."

சொன்னது பொய்யாக இருந்திருந்தால் பூவாயி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரமாட்டாள் என்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன அவமானம் வேண்டும்? அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுவாரமே கம்பெனி வேலையை விட்டாள், மகளிர் குழுப் பெண்களைக் கூட்டினாள், பூட்டிக் கிடந்த ஜவ்வரிசி ஆலைக் கொட்டகையைப் பிடித்தாள், குழிக்குப் போகிற வண்டிகளை வழியிலேயே மறித்து, "இங்க கொட்டுங்க சாமி, குழிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள்.

ஊர் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அவள் செய்தாள். எச்சத்தைச் சாணியோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றி, அதில் ஊறிய வாயுவைக் குழாய் வழியாக வீட்டு அடுப்புகளுக்கு விட்டாள். தொட்டியில் மிஞ்சிய கரைசல் மரவள்ளிக் காட்டுக்குப் போய்க் கிழங்கைத் தொடை தண்டிக்கு வளர்த்தது. இறகை அவித்துப் பொடித்து மஞ்சள் காட்டுக்கு உரமாக்கினாள். முட்டையோட்டை அலசிக் காயவைத்துச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, பாலுக்குச் சவால் விடுகிற வெள்ளையில் சுண்ணாம்பு எடுத்தாள். ஈ குறைந்தது. ஈ குறைந்ததும் ஊருக்குச் சிரிப்பும் குறைந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு சுண்ணாம்பைச் சும்மாவே கொடுத்தாள், ஊர் அண்டா அண்டாவாகக் கரைத்து அடித்தது, எல்லாச் சுவருக்கும் முந்தி அடித்தது பூவாயி வீட்டுச் சுவர். தனபாக்கியம் வேவு பார்க்கிற மாதிரி ஒருநாள் திடீரென்று வந்து, காப்பியை வாங்கி, கண் கொட்டாமல் தம்ளரையே பார்த்திருந்துவிட்டு, கடைசிச் சொட்டுவரைக் குடித்தாள். கட்டுச்சோற்று விருந்தும் வளைகாப்பும் முடிந்த கையோடு, நிறைமாசத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து, மேகலா தாய்வீடு வந்து சேர்ந்தாள்.

சுவர் சுடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவை பூனைகள். அவை வெயிலை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்ப் படுத்தன. அப்புறம் மாவு சொன்னது; சுவரை ஒட்டி வைத்த மாவு மதியத்துக்குள் பொங்கி வழிந்தது. மூட்டுவலிக்காரர்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஆகா என்றார்கள், ஈரத் துணியைச் சுவரில் சாத்தி வைத்தவர்கள் கொடிக்கயிற்றை அவிழ்த்துத் தாம்புக்கயிறாக்கினார்கள், வெந்நீருக்கு அடுப்பு மூட்டுவது நின்றது. யாரும் அலறவில்லை. இலவசமாக வருகிற சூட்டை யார் வேண்டாம் என்பார்கள்? வீட்டு மூலைகள் மெல்ல மெல்ல உருண்டு, பீரோவும் கட்டிலும் மூலையில் ஒட்டாமல் நடுவீட்டுக்கு நகர்ந்து வந்தபோதுகூட, "கூட்டுனா மூலையில குப்பை தங்கறதில்லை" என்று பெண்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

கொத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பேச்சு மாறியது. முதலில் மெல்ல, அரிசியில் கல் பொறுக்குகிற சத்தம். பிறகு நிதானமாக, விட்டு விட்டு, உள்ளே ஏதோ ஒன்று இடம் தேடிப் பார்க்கிற சத்தம். ரேஷன் கடை வரிசையிலும் டீக்கடை பெஞ்சிலும் குரல் தானாகத் தாழ்ந்தது. ஆணி அடிப்பதை நிறுத்தினார்கள், மாரியம்மன் கோயில் பறையைத் துணி போர்த்தி வைத்தார்கள், சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகள் காட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள். கோழியை அடைக்கு வைத்துப் பழகிய ஊர் அல்லவா, இடி இடித்தால் முட்டை கலங்கிக் கூமுட்டை ஆகிவிடும் என்பதும், கூடையில் ஒரு இரும்புத் துண்டைப் போட்டுவைத்தால் இடியை அது வாங்கிக்கொள்ளும் என்பதும் அங்கே தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வீட்டுச் சுவரடியிலும் ஒரு அரிவாளோ கொழுமுனையோ உடைந்த கடப்பாரையோ வந்து உட்கார்ந்தது.

ஆனால் உள்ளே இருப்பது என்ன? இந்தக் கேள்விக்குத்தான் ஊரில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. அந்தி நேரத்தில் ஒருவன் பெரிய டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். வெள்ளைக்குள் செக்கச் செவேலென்று நரம்பு ஓடியது தெரிந்து டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினான். குழியில் போட்ட சேவல் குஞ்சுகளெல்லாம் ஒன்று திரண்டு ஒரே உருவமாக வருகிறது, ஊரை வட்டியும் முதலுமாகக் கேட்கப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் அதற்கப்புறம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பயத்துக்குக் காலும் உண்டு, வாயும் உண்டு.

பயம் பொறுக்காமல் அர்த்தநாரி என்ற தறிக்காரர் ஒரு காலையில் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுச் சுவரை வெளியேயிருந்து ஓட்டை போட்டுவிட்டார். உள்ளே உருவம் எதுவும் இல்லை. கொழகொழவென்று கொஞ்சம் நீரும், நூல் நூலாகச் சிவப்பும் வழிந்து மண்ணில் ஊறியது. கொத்தும் சத்தம் நின்றது. மதியத்துக்குள் சுவர் சில்லிட்டது, சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கக் கூமுட்டை நாற்றம், அதன் பிறகு அந்த வீட்டுக்குள் போன யாருக்கும் எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் விடவில்லை. அர்த்தநாரி பெண்டு பிள்ளைகளோடு தறிக்கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார்.

"நேரம் ஆகறதுக்கு முன்னால வெளிய இருந்து ஓட்டை ஒடைச்சா தங்காதுங்க" என்றாள் பூவாயி. "அது உள்ள இருந்துதான் கொத்தோணும். சூட்டறையில நான் பாக்காததா? பாவம் பாத்து ஒடைச்சு விட்ட குஞ்சு ஒண்ணுகூட எந்திரிச்சு நடந்ததில்லை."

ஊராட்சித் தலைவர் வையாபுரி கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஊர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முதலில் சாய்கிறவர். "எல்லாஞ் சரி பூவாயி. ஆனா சுண்ணாம்பு உன்னோடது. மொதல்ல அடிச்சதும் உன்ற வூடு, மொதல்ல பொரியறதும் உன்ற வூடுதான். அதுல என்ன வருதுன்னு பாப்போம். ஏடாகூடமா எதாச்சும் வந்துதுன்னு வெய்யி, ஆலையைப் பிரிச்சுப்போட்டு, பழையபடி குழியிலயே கொட்டச் சொல்லிருவேன். ஈயோட இருந்தே பழகுன சனம், பேயோட இருக்க முடியாது."

ஊர் சாமான் சட்டியோடு வாசலுக்குக் குடிவந்தது. தார்ப்பாய் கட்டி, கட்டிலைப் போட்டு, அவரவர் வீட்டை அவரவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவாயி மட்டும் வெளியே வரவில்லை. வந்தால், தன் சுண்ணாம்பைத் தானே நம்பவில்லை என்று ஆகிவிடும். மேகலாவும் வர மறுத்தாள். இடுப்பு வலிக்கும்போதெல்லாம் சுவரில் முதுகைச் சாய்த்து, "நீ ஒத்தடம் குடுக்கறதைவிட இது இதமா இருக்குதும்மா" என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் மகள் சொல்லித்தான் இருந்தோம் என்று பூவாயி பின்னாளில் ஒருநாளும் சொன்னதில்லை. கதவு நிலை நாளுக்கு நாள் ஒடுங்கிவருவதையும், நிறைமாச வயிற்றை வைத்துக்கொண்டு மகள் ஒருக்களித்து நுழைவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டவள் அவள்தான். பெற்ற மகளைவிடப் பேர் பெரிதாகப் போய்விட்டது.

பங்குனிக் கடைசியில் அந்த நாள் வந்தது. காலையில் சூளை பிரிக்கிற வேலை. "மத்தியானம் வந்ததும் ரெண்டு பேரும் ஆலைக் கொட்டகைக்குப் போயிரலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன சற்றைக்கெல்லாம் திருச்செங்கோட்டிலிருந்து கார் வந்தது. சேதி எட்டி, மருமகளைக் கையோடு கூட்டிப்போகத் தனபாக்கியம் வந்திறங்கி, வாசலில் கிடந்த ஊரையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒடுங்கிய கதவுக்குள் ஒருக்களித்து நுழைந்தாள். துணிமணியை எடுத்து வைக்கும்போதே மேகலாவுக்கு வலி கண்டது. தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் வாசல் இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர், ஜன்னல் இருந்த இடத்தில் சுவர், ஒரு விரிசல்கூட இல்லாமல் வழவழவென்று வெள்ளை.

பூவாயி ஓடிவந்தபோது ஊர் மொத்தமும் வீட்டைச் சுற்றி நின்றது. வழி விட்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டை அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கே கதவு இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரில் காதை வைத்தாள்.

"அம்மா..." என்று மேகலாவின் குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. அதற்குப் பின்னால் தனபாக்கியத்தின் அதட்டல்: "அம்மாவெல்லாம் அப்புறம் கூப்புட்டுக்கலாம், மொதல்ல மூச்சை இழுத்து வுடு."

யாரோ சாத்தி வைத்திருந்த கடப்பாரையைப் பூவாயி எடுத்தாள். ஓங்கிவிட்டாள். பெற்ற வயிறு பற்றி எரியும்போது சூட்டறைப் படிப்பெல்லாம் எங்கே நிற்கும்? ஆனால் ஓங்கிய கை இறங்குவதற்குள் இன்னொரு கை தன்னையறியாமல் சுவரில் ஊன்றிவிட்டது, அந்த உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நாளின் சூடு அது. முட்டைகளை வைத்த அறையைத் திறக்கவே கூடாத, திறந்தால் எல்லாம் காய்ந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற நாளின் சூடு. அர்த்தநாரி வீட்டு மண்ணில் ஊறிய சிவப்பு அவள் கண்முன் வந்தது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மூச்சு முட்டிச் செத்துருவாங்க, ஒடைங்கப்பா" என்றார் வையாபுரி.

"முட்டாதுங்க" என்றாள் பூவாயி. விரலை எச்சில் தொட்டுச் சுவருக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஓடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான காற்று விரலில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

அப்போதுதான் நந்தகோபால் வந்தான். பிரசவத்துக்காக வடநாட்டிலிருந்து வண்டியோடு வந்திருந்தவன், சேதி கேட்டு இரும்பு ராடு ஏற்றிய லாரியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இறங்கியதும் யாரோடும் பேசவில்லை. காற்றழுத்தத்தில் பாறையைப் பிளக்கிற சம்மட்டியைக் குழாயோடு இழுத்துக்கொண்டு நேரே சுவருக்கு வந்தான். பூவாயி சுவரில் முதுகை ஒட்டி, கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நவுருங்க அத்தை."

"வேண்டாங்க மாப்ள. சாமியாட்டக் கேக்கறேன். வெளிய இருந்து ஒடைச்சா உள்ள இருக்கற ஒரு உசுரும் தங்காதுங்க."

"உங்க சுண்ணாம்பைக் காப்பாத்திக்கறக்கு எம்பொண்டாட்டியையும் எங்கம்மாவையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

ஒரு மாசமாக அவள் மனசு அவளிடமே கேட்டுவந்த கேள்விதான் அது. "ஆமாங்க, தப்பு என்னோடதுதான்" என்றாள். "அதுக்கு என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. சுவத்துல மட்டும் கைய வெக்காதீங்க. வெச்சே தீருவேன்னா, என்ற மேல வெச்சு இடிங்க."

சம்மட்டி அவள் தோளுக்கு நேரே நின்றது. அந்தச் சமயத்தில்தான் தெற்கே, மலைக்கு அந்தப் பக்கம், மாட்டு வண்டி மரப்பாலத்தில் ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் உருண்டது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோடை மழைக்கான மேகம், கருகருவென்று, இடுப்பில் மின்னலைச் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

இடி. உடைத்தாலும் தங்காது, உடைக்காமல் விட்டு இடி விழுந்தாலும் தங்காது. பூவாயி வீட்டுச் சுவரடியில் இருந்தது ஒரே ஒரு பழைய அரிவாள். அது ஒரு கூடை முட்டைக்குப் போதும், ஒரு வீட்டுக்கு எப்படிப் போதும்?

"மாப்ள" என்றாள் பூவாயி. அவள் குரல் மாறியிருந்தது. அழுகை நின்று, சூளையடியில் பெண்களை வேலை வாங்குகிற குரல் வந்திருந்தது. "லாரியில இருக்கற இரும்பை எறக்குங்க. வூட்டச் சுத்திச் சாத்துங்க. இடிய அது வாங்கிக்கட்டும்."

நந்தகோபால் வானத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். உள்ளேயிருந்து மேகலாவின் ஓலம் நீளமாக வந்தது. அவன் சம்மட்டியைப் போட்டுவிட்டு லாரிக்கு ஓடினான்.

அப்புறம் நடந்ததை அந்த ஊர்க்காரர்களே சொல்லிக் கேட்க வேண்டும். பாறைக்குள் ஆயிரம் அடி இறங்குகிற ராடுகளைத் தோளுக்கு ஒன்றாகச் சுமந்து வந்து வீட்டைச் சுற்றிச் சாய்த்து நிறுத்தினார்கள். அது போதாது என்று அவரவர் வீட்டுக்கு ஓடி, தங்கள் சுவரடியில் வைத்திருந்த அரிவாளையும் கொழுமுனையையும் எடுத்து வந்தார்கள். தன் வீட்டுக்குக் காவலாக இருந்த இரும்பை அடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவது லேசான காரியமா? ஆனால் கொண்டுவந்தார்கள். பண்ணைக் கூண்டுக் கம்பி வந்தது, தறிக்கொட்டகையிலிருந்து அர்த்தநாரி தலைச்சுமையாகக் கொண்டுவந்த இரும்பு உருளை வந்தது, கோயில் சூலம் வந்தது, வையாபுரியே ஊராட்சி அலுவலகத்து இரும்புக் கேட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல் சொட்டு விழுந்தபோது வெள்ளை வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரும்புவேலி நின்றது.

இடி விழுந்தது. ஊருக்கு நேர் மேலே, வானம் இரண்டாகக் கிழிகிற மாதிரி விழுந்தது. வேலியிலிருந்த இரும்பு மொத்தமும் கிண்ணென்று அதிர்ந்து, அந்த அதிர்வு மண்ணுக்குள் இறங்கி, நின்றவர்களின் உள்ளங்கால்களில் கூசி, பாறைக்குழிப் பக்கம் போய் ஓய்ந்தது. பூவாயி சுவரில் கன்னத்தை ஒட்டியபடி நின்றாள். சுவர் இன்னும் சுட்டது. ஆனால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மேகலாவின் ஓலம் இல்லை, தனபாக்கியத்தின் அதட்டல் இல்லை, இத்தனை நாள் கேட்ட கொத்தல்கூட இல்லை. மழை கொட்டியது. "மேகலா" என்றாள். "கண்ணு மேகலா" என்றாள். அப்புறம் வேறு வழியில்லாமல், எந்தப் பெண்ணோடு ஒருநாளும் மனசு விட்டுப் பேசியதில்லையோ அவளைக் கூப்பிட்டாள்: "சம்மந்தி! சம்மந்தியம்மா! எதாச்சும் சொல்லுங்க!"

ரொம்ப நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு, மெல்லியதாக, எரிச்சலோடு:

"சித்த சும்மா இருங்க சம்மந்தி. நாலு எருமைக்குப் பிரசவம் பாத்த கை இது, எனக்குத் தெரியும். உங்க கோழிப்பீ அடுப்பு நல்லாத்தான் எரியுது, தண்ணி கொதிச்சுப்போச்சு. கொடி அறுக்கறக்கு அருவாமணையக் கழுவிக்கிட்டிருக்கேன்."

அதற்கு அடுத்து வந்தது குழந்தையின் அழுகை.

ஊர் ஓவென்று கத்தியது. நந்தகோபால் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பூவாயி மட்டும் அசையவில்லை. இன்னும் ஓடு திறக்கவில்லையே. எத்தனையோ குஞ்சுகள் உள்ளே கத்தி ஓய்ந்ததை அவள் கேட்டிருக்கிறாள். பிறப்பது வேறு, வெளியே வருவது வேறு.

அப்போது கொத்தல் தொடங்கியது. பழைய கொத்தல் இல்லை, கல்லால் இடிக்கிற கொத்தல். அம்மிக் குழவி சுவரில் மோதுகிற சத்தம் என்று பெண்களுக்கெல்லாம் உடனே தெரிந்தது. ஒரு இடி, ஒரு மூச்சு, ஒரு இடி. பூவாயியின் கன்னத்துக்குப் பக்கத்தில் சுவர் பூப்பூவாக வெடித்தது, சில்லு ஒன்று உதிர்ந்தது, காசளவு கறுப்பு தெரிந்தது, கறுப்பு கையளவு ஆனது. ஊர் இரண்டடி பின்வாங்கியது. இத்தனை நாளாக என்ன வரப்போகிறது, என்ன வரப்போகிறது என்று எல்லோரும் தூக்கமில்லாமல் காத்திருந்த ஓட்டை அது.

வந்தது ஒரு கை. முழங்கைவரை சுண்ணாம்பு, நடுவில் நாலு தங்க வளையல். காற்றில் துழாவிய அந்தக் கையைப் பூவாயி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது அவள் கையை ஒரு தரம் இறுக்கிவிட்டு உள்ளே போனது. இன்னும் நாலு இடியில் ஓட்டை முறத்தளவு ஆனது. திரும்ப வந்தபோது பழம்புடவையில் சுற்றிய குழந்தை அதில் இருந்தது. தலையெல்லாம் ஈரம், புருவமெல்லாம் வெள்ளைத் தூள், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊரையே திட்டுகிற அழுகை.

"புடிங்க சம்மந்தி" என்றது ஓட்டைக்குள்ளிருந்து தனபாக்கியத்தின் குரல். "மழை படாம மூடிக்கங்க. வெளிய இருந்து யாரும் கை வெக்க வேண்டாம். உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா, சாஞ்சு உக்காந்துக்கிட்டு எனக்குக் கல்லை உருட்டிக் குடுக்கறா. மிச்சத்த நாங்களே ஒடைச்சுக்கறோம்."

பூவாயி குழந்தையை மாரோடு அணைத்து முந்தானையால் மூடினாள். உதவ வந்த நந்தகோபாலைக் கண்ணாலேயே நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் ஊர் கலைகிற சத்தம் கேட்டது. தார்ப்பாய்களுக்கு அடியில் இத்தனை நாள் ஒண்டிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் வீட்டையும் உள்ளேயிருந்தே கொத்தித் திறக்க ஆளுக்கொரு குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒடுங்கிப்போன தங்கள் கதவுகளுக்குள் ஒருக்களித்து நுழைந்துகொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவருக்கு நேரே நின்று, உள்ளே தன் மகளும் தன் சம்மந்தியும் மாறி மாறி இடிப்பதைக் கேட்டபடி, தன் கைகளைக் குழந்தையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டாள்.